பல சரி, சில தவறு

இந்த முறை கோட்டையைப் பற்றியோ பழைய பள்ளிக்கூட நாட்களைப் பற்றியோ எழுதவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறேன். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம். சம்பந்தம் உண்டு. கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து இன்று நிறையப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். நெல் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இறக்கிவிட்டு விலைக்குக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். 2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினி, 2022-ல் வந்த நான் முதல்வன் திட்டம் என்று கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் கதவைத் தாண்டி உள்ளே வரும் பிள்ளையின் முதல் பத்து வரிகளைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? அதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை பதினோராவது வரியை எழுதும், அல்லது மடிக்கணினியை மூடி அலமாரியில் வைத்துவிடும்.

என் கட்சி இதுதான். புதிதாக எழுதுகிறவருக்குத் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். "அருமை, சூப்பர்" என்று தட்டிக்கொடுத்தும் அனுப்பாதீர்கள். தவறு இருக்கும் இடத்துக்கு அவரையே கொண்டுபோய் நிறுத்தும் ஒரு சரியான உதாரணத்தைக் கொடுங்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இதை விளக்க ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். ஸ்க்ராபிள் என்ற ஆங்கிலச் சொல் விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எழுத்து பொறித்த வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பெண். இதைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் பட்ஸ் ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதற்கேற்ப மதிப்பெண் வைத்தார். அடிக்கடி வரும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ, எல், என், எஸ், டி, ஆர் ஆகிய பத்துக்கும் ஆளுக்கு 1. அபூர்வமான கியூ, இசட் இரண்டுக்கும் 10. கோட்டை என்று பொருள்படும் 'ஃபோர்ட்' என்ற சொல்லுக்கு எஃப் 4, ஓ 1, ஆர் 1, டி 1, ஆக 7.

ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் மதிப்பெண்ணைச் சொல்லும் புரோகிராம் எழுதுவது, ஆரம்பப் பாடத்தில் பல இடங்களிலும் கொடுக்கும் பயிற்சி. பார்க்கச் சின்னது. ஆனால் புதிதாக எழுதுகிறவர் விழக்கூடிய குழிகள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

எங்கள் தெருவுக்கு வந்துபோகும் ஒரு மாணவி இந்தப் பயிற்சியை எழுதினாள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவள். எழுதியதை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அங்கே ஒரு சீனியர், "இதெல்லாம் ஒரு கோடா?" என்று கேட்டுவிட்டு, அவள் நாற்பது வரியில் எழுதியதை நாலு வரியில் எழுதிப் போட்டுவிட்டார். அது சரியான புரோகிராம்தான். ஆனால் அதில் அவளுடையது என்று ஒரு வரிகூட இல்லை. எப்படி வேலை செய்கிறது என்றும் அவளுக்குப் புரியவில்லை. மூன்று வாரம் மடிக்கணினியைத் தொடவே இல்லை என்று அவள் அம்மா சொன்னார்.

நான் முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகப் பைதான் மொழி கற்றுக்கொண்டேன். அந்தத் துணிச்சலில், "கொண்டு வாம்மா, பார்க்கலாம்" என்றேன்.

அவள் எழுதியதைப் பார்த்தால் நாலு குறை உடனே தெரிந்தது. ஒன்று, மதிப்பெண் சோதிக்கும் இடத்தில் ஒரு தர்க்கப் பிழை. இரண்டு, பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை அவள் நினைக்கவில்லை. மூன்று, மாறிகளுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் எது எதற்கு என்று புரியாது. நான்கு, ஒவ்வொரு எழுத்தாக 'இதுவா, இல்லையென்றால் அதுவா' என்று நீளமாகக் கேட்டுக்கொண்டே போயிருந்தாள். இந்த நாலையும் ஒரே மூச்சில் சொன்னால் என்ன ஆகும்? எதுவும் மண்டையில் ஏறாது, "எனக்கு வராது" என்பது மட்டும் ஏறும். விடைத்தாளில் பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்க்கும் பையன் எதையும் படிக்க மாட்டான், மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைப்பான். அதுபோலத்தான்.

முதல் குறையை மட்டும் எடுத்தேன். அவள் எழுதியிருந்தது, நம் பேச்சில் சொன்னால், இப்படி: "எழுத்து ஏ-வுக்குச் சமம், அல்லது ஈ, அல்லது ஐ… என்றால் 1 கொடு." மனிதர்களுக்கு இது தெளிவாகப் புரியும். கம்ப்யூட்டர் வேறு மாதிரிப் படிக்கும். "எழுத்து ஏ-வுக்குச் சமமா?" என்று ஒரு கேள்வி. "ஈ?" என்று தனியாக இன்னொரு கேள்வி. ஈ என்று ஏதோ ஒன்று அங்கே எழுதியிருக்கிறதே, காலியாக இல்லையே, அப்படியானால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். ஆக எந்த எழுத்தைக் கொடுத்தாலும் முதல் கேள்வியிலேயே 'ஆம்' என்று வந்து 1 மார்க் போட்டுவிடும். இசட் வந்தாலும் 1, கியூ வந்தாலும் 1.

"நல்லாத்தான் வேலை செஞ்சுது சார்" என்றாள். எந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தாள் என்று கேட்டேன். தேநீருக்கான 'டீ', மழைக்கான 'ரெயின்', கல்லுக்கான 'ஸ்டோன்'. அவற்றின் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள், எல்லாமே 1 மார்க் எழுத்துகள். விடை 3, 4, 5 என்று சரியாகவே வரும். தவறான புரோகிராம், சரியான விடை. அவள் மேல் குற்றமில்லை. சோதிக்க எடுத்த சொற்கள் அவளுக்கு உண்மையைச் சொல்லவில்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கியே, அது நல்ல பழக்கம். இப்போ 'க்விஸ்'னு போட்டுப் பாரும்மா. அதுக்கு முன்னாடி எவ்வளவு வரணும்னு கையாலே கூட்டி எழுதி வெச்சுக்கோ."

கியூ 10, யூ 1, ஐ 1, இசட் 10. பேப்பரில் 22 என்று எழுதினாள். திரையில் 4 வந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எல்லாத்துக்கும் ஒண்ணு ஒண்ணாப் போடுது சார்" என்றாள். அங்கிருந்து அந்த வரியைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம். நான் வாயே திறக்கவில்லை. திருத்தியது அவள் கை, அதனால் அந்தப் பிழை என்ன என்று அவளுக்கு ஆயுளுக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதுவரை பெரிய எழுத்தில் 'டீ' என்று அடித்தாலும் 3 என்று சரியாக வந்துகொண்டிருந்தது. பிழையைச் சரிசெய்தவுடன் 0 வர ஆரம்பித்தது! "கெடுத்துட்டேனா சார்?" என்று பதறினாள். கெடுக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் பெரிய ஏ-வின் எண் 65, சின்ன ஏ-வின் எண் 97. இரண்டும் வேறு வேறு எழுத்து. முதல் குறை இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்தது, அது விலகியதும் மறைந்திருந்தது வெளியே தெரிந்தது. நாலு குறையையும் முதல் நாளே ஒப்பித்திருந்தால் இந்த அனுபவம் அவளுக்குக் கிடைத்திருக்காது. ஒரு நேரத்தில் ஒன்று என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இப்படிக் கற்றுக்கொள்வது நமக்குப் புதிதல்ல. நம் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் கையால் ஒரு தடவு, மறுபடி எழுது. தப்புக்குச் சாட்சியே இருக்காது. பக்கத்தில் சட்டாம்பிள்ளை உட்கார்ந்திருப்பான், போன மாதம்தான் அதே பாடத்தைக் கற்றவன். அதில் எங்கே தடுக்கும் என்று அவனுக்கு இன்னும் மறந்திருக்காது.

1789-ல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர்களுக்கான ஒரு விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவர்களைக் கொண்டு இளைய மாணவர்களுக்குக் கற்பிக்கும் முறையையும் வைத்தார். ஊர் திரும்பியதும் 1797-ல் அதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்குப் பெயர் மெட்ராஸ் காலேஜ். நம் திண்ணையிலிருந்து போன சரக்கு.

சட்டாம்பிள்ளை முறையில் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். சட்டாம்பிள்ளையின் பிரம்படியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். வாட்ஸ்அப் குழுவில் "இதெல்லாம் ஒரு கோடா?" என்று கேட்ட சீனியரும் ஒரு சட்டாம்பிள்ளைதான், கையில் பிரம்பு மட்டும் இல்லை. மணலின் குணத்தை எடுத்துக்கொண்டு பிரம்பை விட்டுவிட வேண்டும். கம்ப்யூட்டரும் ஒருவகையில் மணல்தான். எத்தனை முறை தப்பாக ஓட்டினாலும் அது அலுத்துக்கொள்ளாது, ஊருக்குச் சொல்லாது. அந்த மணலில் பிள்ளை தானாகத் தடவி எழுத இடம் கொடுப்பதுதான் நம் வேலை.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். ஆங்கிலம் முடிந்ததும் அந்தப் பெண், "சார், இதைத் தமிழ்ல பண்ணலாமா?" என்று கேட்டாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒருவர் எழுதியதன்மேல் நாம் சொன்ன கருத்து நல்லதா இல்லையா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கேட்டவர் அடுத்த கேள்வியோடு திரும்பி வருகிறாரா என்று பாருங்கள்.

கேட்ட கையோடு அவளே தயங்கினாள். "இருபத்தாறு எழுத்துக்கே இவ்வளவு நீளம். 247-க்கும் இப்படி எழுதணுமா?" நான்காவது குறையைச் சொல்லக் காத்திருந்தேனே, அதற்கு நேரம் வந்தது. பைதானில் 'டிக்‌ஷனரி' என்று ஒரு வசதி உண்டு, நம் அகராதி போல. எழுத்தைச் சொன்னால் அதன் மதிப்பைப் புரட்டி எடுத்துத் தரும். சீனியரின் நாலு வரியில் இருந்ததும் இதேதான். அன்று அது அவளுக்கு அவமானமாக வந்தது. இன்று அவளுக்கே தேவைப்பட்டது, ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டாள்.

மதிப்பெண்ணுக்கு முன்னால் எழுத்தை எண்ண வேண்டும் அல்லவா? முதலில் அதைச் சோதிக்கச் சொன்னேன். 'பல' என்று போட்டாள், 2 என்று வந்தது. சரி. அடுத்து 'சில' என்று போட்டாள். 3 என்றது! 'தமிழ்' 5. நம் ஊர்ப் பெயர் 'செஞ்சி' 6. 'விழுப்புரம்' 11.

மறுபடி முகம் வாடியது. இங்கே கருத்துச் சொல்பவர் செய்ய வேண்டிய இன்னொரு கடமை இருக்கிறது. எது அவர் தவறு, எது அவர் தவறல்ல என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இது அவள் தவறு இல்லை. கம்ப்யூட்டரில் தமிழைச் சேமித்துவைக்கும் முறை அப்படி.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர்களுக்கு இதை நொடியில் விளக்கிவிடலாம். 'செஞ்சி' என்பது மூன்று எழுத்து. ஆனால் அடிக்கும்போது விரல் மூன்று முறையோடு நிற்காது, கொம்பு தனி, புள்ளி தனி. இன்று உலகம் முழுவதும் பயன்படும் யுனிகோடு முறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. ச, கொம்பு, ஞ, புள்ளி, ச, கொக்கி என்று ஆறு துண்டு. 1991-ல் வந்த யுனிகோடு, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இங்கே 1988-ல் வகுத்த ஒரு முறையைப் பின்பற்றித் தமிழையும் அமைத்தது. தமிழ் இலக்கணம் க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது என்கிறது. யுனிகோடோ க-வை முதலாக வைத்து, அதன்மேல் புள்ளி வைத்து க் ஆக்குகிறது. தலைகீழ். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையையும் தமிழ்நாடு அரசு 2010-ல் ஏற்றது. ஆனால் நம் கைப்பேசியில் ஓடுவது யுனிகோடுதான்.

வார இதழ்களில் நாம் போட்ட குறுக்கெழுத்துப் போட்டி நினைவிருக்கிறதா? ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'செ'-யின் கொம்பை ஒரு கட்டத்திலும் ச-வை அடுத்த கட்டத்திலும் யாராவது எழுதுவோமா? "கம்ப்யூட்டருக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் தெரியாது, நீதான் சொல்லிக்கொடுக்கணும்" என்றேன். விதியை அவளே சொன்னாள்: கொம்போ காலோ புள்ளியோ வந்தால் புதுக் கட்டம் போடாதே, முந்தைய கட்டத்திலேயே சேர். ஆறு வரி. 'சில' 2 ஆனது. 'செஞ்சி' 3 ஆனது.

இந்த வேலையைச் செய்யும் ஆயத்தக் கருவி ஏற்கெனவே இருக்கிறது. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு, தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும். தமிழிலேயே புரோகிராம் எழுத எழில் என்ற மொழியை உருவாக்கியவரும் அவர்தான். இதை நான் அவளிடம் முதலிலேயே சொல்லவில்லை, அவள் எழுதி முடித்த பிறகு சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அது அவளுக்கு மந்திரப்பெட்டி. பிறகு சொன்னதால், தன்னைப் போலவே இதே சிக்கலில் மாட்டி வழி கண்ட ஒரு மூத்தவரின் வேலை.

நடுவில் 'ஸ்ரீ' வந்து தகராறு செய்தது. அவள் விதிப்படி அது இரண்டு எழுத்து. "ஒண்ணா ரெண்டா சார்?" "விளையாட்டு உன்னுது. நீயே முடிவு பண்ணி விதியில் எழுதி வை" என்று விட்டுவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் விடை நம்மிடமிருந்துதான் போக வேண்டும் என்ற அவசியமில்லை.

அடுத்தது மதிப்பெண். ஆங்கிலத்துக்கு பட்ஸ் செய்தித்தாளை எண்ணினார். தமிழில் எழுத்துக்கு மதிப்புப் போடும் வேலையை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். மாத்திரைதான் அது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறில் 1, நெடில் 2, மெய் ½. அதையே மதிப்பெண்ணாக வைக்கலாம் என்பது அவள் யோசனை. 'தமிழ்' 2½, 'செஞ்சி' 2½, 'ராஜகிரி' 5. பிரமாதம்.

அந்தச் சமயம் என்னோடு மாலையில் நடக்கும் நண்பர் வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, மவுஸைப் பிடிக்கச் சொன்னாலே கையை இழுத்துக்கொள்வார். திரையைப் பார்த்துவிட்டு, "'கோட்டை'ன்னு போடு தாயீ" என்றார். கோ 2, ட் ½, டை 2. புரோகிராம் 4½ என்றது. "இல்லையே, மூன்றரைதானே" என்றார். சொல்லின் கடைசியில் வரும் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரைதான் ஒலிக்கும், ஐகாரக் குறுக்கம். "சரி, 'பசு' போடு." 2 என்று வந்தது. "சரி. 'அரசு' போடு." 3 என்று வந்தது. "அதுதான் இல்லை. இரண்டரை." பசுவின் சு முற்றியலுகரம், முழு மாத்திரை. அரசின் சு குற்றியலுகரம், அரை மாத்திரை.

அவள் நோட்டில் வேகவேகமாகக் குறித்துக்கொண்டாள். பள்ளியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த குற்றியலுகரம் அவளுக்கு அன்று ஒரு புரோகிராம் பிழையாக எதிரே வந்து நின்றது. இனி மறக்க மாட்டாள்.

அன்று அந்தப் புரோகிராமுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருத்து, புரோகிராமே தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது. அவர் ஒரு வரியையும் படிக்கவில்லை. மூன்று சொல் கொடுத்தார், விடை என்னவாக இருக்க வேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான். 'பசு', 'அரசு' என்று அந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தாரே, அதில்தான் அவருடைய முப்பது வருஷத் தமிழ் இருக்கிறது.

இதற்கு மறுப்பு சொல்பவர்கள் உண்டு. "இப்படி ஆற அமரச் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம்? வேலைக்கான இன்டர்வியூ தலைக்குமேல் நிற்கிறது. சரியானதைக் காட்டிவிட்டால் பார்த்துக் கற்றுக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நல்ல புரோகிராமைப் பார்த்துப் படிப்பது அவசியம். ஆனால் தானே ஒருமுறை முயன்று முட்டிய பிறகு பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். கணக்கில் விடைப்பக்கத்தை முதலில் புரட்டிய பையனும் கடைசியில் புரட்டிய பையனும் ஒரே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், கற்பது வேறு வேறு. இன்டர்வியூவிலும் கேட்பது, "இந்த வரி ஏன்?" என்பதைத்தான். அடுத்தவர் எழுதிய வரிக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

இப்போது கேட்ட மாத்திரத்தில் முழுப் புரோகிராமையும் எழுதித் தரும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஆரம்பத்திலிருக்கும் பிள்ளை, "இதைச் சரிசெய்து கொடு" என்று கேட்டால் கிடைப்பது அந்தச் சீனியரின் நாலு வரி, இன்னும் கொஞ்சம் மரியாதையான மொழியில். "சரிசெய்ய வேண்டாம், என் புரோகிராம் எந்தச் சொல்லில் தவறும் என்று மட்டும் சொல்" என்று கேட்கப் பழக்கினால் அதுவே நல்ல துணை. கேட்கும் விதத்தைச் சொல்லித்தருவதும் நம் பொறுப்பில் வந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனம் நோகக் கூடாது என்று எதைக் காட்டினாலும் "சூப்பர்" சொல்லும் கூட்டம். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அதில் பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'க்விஸ்' சொல்லுக்கு 4 என்று காட்டும் புரோகிராமை சூப்பர் என்று பாராட்டினால், அதை நம்பி அடுத்த இடத்தில் காட்டி அங்கே அவமானப்படும். பாராட்டுவதாக இருந்தால் எதைப் பாராட்டுகிறோம் என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். "சொற்களைப் போட்டுச் சோதித்தாயே, அது நல்லது" என்று சொன்னால் அந்தப் பழக்கம் தங்கும்.

ராஜகிரி மலை ஏறியவர்களுக்குத் தெரியும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும், அதைக் கடக்க ஒரு சின்னப் பாலம். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. "இதெல்லாம் ஒரு ஏற்றமா?" என்று கேலி செய்தாலும் ஏறமாட்டார். இறங்கி வருகிறவர், "இன்னும் கொஞ்ச தூரம்தான், அந்த வளைவுக்கு அப்புறம் நிழல் இருக்கு, படி வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அது போதும். ஏறுகிறவர் தன் காலால் ஏறிவிடுவார்.

இனி உங்களுக்கான வேலை. உங்கள் பேரனோ பேத்தியோ புரோகிராம் எழுதிக் காட்டினால், "எனக்கு இதெல்லாம் தெரியாது கண்ணு" என்று அனுப்பிவிடாதீர்கள். மூன்று காரியம் செய்யுங்கள். "இது என்ன செய்யணும்?" என்று கேளுங்கள், விளக்கும்போதே பாதிப் பிழை பிள்ளைக்கே தெரிந்துவிடும். "எதைப் போட்டுச் சோதிச்சே?" என்று கேளுங்கள். பிறகு உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு சிக்கலான உதாரணம் கொடுங்கள். வட்டிக் கணக்கு என்றால் பிப்ரவரி 29-ல் வாங்கிய கடன். பெயர்ப் பட்டியல் என்றால் இனிஷியல் இரண்டு உள்ளவர். சொல் விளையாட்டு என்றால் 'பல' வேண்டாம், 'சில' கொடுங்கள்.

வங்கியில், வருவாய்த்துறையில், பள்ளியில், கடையில் நாற்பது வருஷம் உட்கார்ந்த நமக்கு, விதி எங்கே மீறும், கணக்கு எங்கே உதைக்கும் என்று தெரியும். புரோகிராம் எழுதும் பிள்ளைக்கு இல்லாதது அதுதான். நமக்கு இருப்பதும் அதுதான்.